லென்ஸ் செத்த பிளேஸ்டேஷனை எறியாதீங்க

எழுவான்கரையெண்டாலும் படுவான்கரையெண்டாலும் எங்கட பக்கத்து வீடுகள் பலதில அலுமாரிக்கு மேல பொலித்தீன் பையில சுத்தின ஒரு கறுப்புப் பெட்டி கிடக்கும். பிளேஸ்டேஷன் 2. சீடி போட்டால் வாசிக்காது. திருத்துற கடைக்குக் கொண்டுபோனால் "லென்ஸ் போயிற்று தம்பி, மாத்தினாலும் கனநாள் நிக்காது" எண்டு சொல்லுவாங்க. பழைய இரும்புக்காரர் வந்தால் குடுத்திரலாம் எண்டு வீட்டில வச்சிருப்பாங்க.

அந்தப் பெட்டியைக் குடுக்காதீங்க எண்டு சொல்லத்தான் இதை எழுதுறம். அதில ஒரு எமுலேட்டரை நீங்களே ஏத்துங்க. ஏத்தப் பழகினதும் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் குடுங்க. சின்ன வயசை நினைச்சு உருகுறதுக்காக இதைச் சொல்லேல்ல. எங்கட சல்லி எங்கே போகுது, சட்டம் யாருக்காக எழுதப்பட்டிருக்கு, பழசை யார் காப்பாத்துறது, பிள்ளைகள் ஒரு மெஷினிடமிருந்து என்ன படிக்கிறார்கள் எண்ட கேள்விகள் எல்லாம் இந்த ஒரு பெட்டிக்குள்ள இருக்கு.

பெட்டியின் கதை

பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் வெளிவந்தது 2000 மார்ச் 4 இல். உற்பத்தி நின்றுவிட்டதென்ற அறிவிப்பு 2013 தொடக்கத்தில் வந்தது. அதற்குள் உலகம் முழுவதும் 15 கோடிக்கும் மேல் விற்றிருந்தது. டீவியோடு பூட்டி விளையாடுகிற மெஷின்களில் இவ்வளவு விற்ற இன்னொன்று இல்லை.

எங்களில் கனபேர் அதை முதன்முதலில் கண்டது சொந்த வீட்டில் இல்லை, கேம் சென்டரில். தகரக் கூரை, ரெண்டு மூண்டு டீவி, மணிக்கணக்குக்குச் சல்லி. குத்துச் சண்டை, கார் ஓட்டம், கிரிக்கெட். ஒறிஜினல் டிஸ்க் எண்டு ஒண்டு இருக்குதெண்டே எங்களுக்குத் தெரியாது. ஏனெண்டால் அங்கே இருந்த மெஷின் எல்லாம் "சிப் அடிச்ச" மெஷின். பெட்டியைத் திறந்து, போர்டில் ஒரு சின்னச் சிப்பை ஒட்டி, பிரதி எடுத்த டிஸ்க்கையும் வாசிக்க வைத்திருப்பார்கள். ஊர்ப் பொடியன்கள் அந்தச் சொல்லைப் படிச்சது பள்ளிக்கூடத்தில் இல்லை. மெஷினை மாத்தலாம், உள்ளுக்குக் கை வைக்கலாம் எண்ட எண்ணமே அங்கேதான் வந்தது.

கேம் சென்டரைப் பற்றிப் பேசும்போது ஒண்டை மறைக்க ஏலாது. அது பொடியன்களின் இடம். தங்கச்சிமாரும் அக்காமாரும் அந்தக் கதவைத் தாண்டினதில்லை. எங்கட கூட்டத்தில் இருக்கிற பெண்கள் "உங்கட பழைய நினைவு எங்கட நினைவில்லை" எண்டு சொல்லும்போது எங்களிடம் பதில் இல்லை. இதை ஞாபகத்தில் வச்சுக்கொள்ளுங்க, கடைசியில் திரும்பவும் இதுக்கு வருவம்.

மெஷினில் முதலில் போறது லென்ஸ். நாளாக நாளாக லேசர் ஒளி மங்கும். அதோடு எங்கட காற்று வேற. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. உப்புக் காற்று இணைப்புகளைத் தின்னும். மார்கழி மழைக்கு டிஸ்க்கில் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் ஒண்டைக் கவனியுங்க: செத்தது டிஸ்க் வாசிக்கிற பகுதி மட்டும்தான். மூளையும் நினைவகமும் டீவிக்குப் படம் அனுப்புற பகுதியும் அப்படியே உயிரோடு இருக்கும். கண் போன ஆளைச் செத்த ஆள் எண்டு சொல்லுறது மாதிரித்தான் அந்த மெஷினை நாங்கள் எறியுறம்.

என்ன செய்யவேணும்

எமுலேட்டர் எண்டது மிமிக்ரி செய்யிற ஆள் மாதிரி. ஒரு மெஷின் இன்னொரு மெஷினைப் போல நடிக்க வைக்கிற நிரல். 1983 இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோவின் ஃபமிகொம் மெஷினை எடுத்துக்கொள்ளுங்க. அதன் பிரதிகளைத்தான் நாங்கள் "டீவி கேம்" எண்டு மஞ்சள் கெசட் போட்டு விளையாடினம். அதன் மூளை ஓடுற வேகம் 1.79 மெகாஹேர்ட்ஸ், நினைவகம் 2 கிலோபைட். பிளேஸ்டேஷன் 2 இன் மூளை 294 மெகாஹேர்ட்ஸ், நினைவகம் 32 மெகாபைட். வேகத்தில் மட்டும் 160 மடங்குக்கு மேல். அதனால் பழைய மெஷின் ஒவ்வொரு நொடியும் என்ன செய்யுமோ அதைக் கணக்குப் போட்டு நடித்துக் காட்ட இதுக்கு நேரம் தாராளமாக இருக்கு.

1985 இல் வந்த சூப்பர் மரியோ விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வாற ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரிசு. பிளேஸ்டேஷன் 2 இன் 8 மெகாபைட் மெமரி காட் ஒண்டுக்குள்ள அப்படி 200 விளையாட்டு அடங்கும்.

மறுகா, டிஸ்க் வாசிக்காத மெஷினுக்குள் இதை எப்படி ஏத்துறது? வழி மெமரி காட்டில்தான் இருக்கு. இந்த மெஷின் ஒவ்வொரு முறை உயிர் பெறும்போதும், மெமரி காட்டில் தனக்கு ஏதும் புதுப்பிப்பு வந்திருக்குதா எண்டு பார்க்கும். அந்தக் கதவைத் தயாரித்தவர்களே வைத்தார்கள். ஆர்வலர்கள் 2008 இல் வெளியிட்ட "ஃப்ரீ மெக்பூட்" அந்தக் கதவால்தான் உள்ளே போகுது. மெஷின் அதைத் தன்ர புதுப்பிப்பு எண்டு நம்பி ஓட விடும். சிப் வேண்டாம், சொல்டரிங் வேண்டாம், பெட்டியைத் திறக்கவும் வேண்டாம்.

செய்யும்போது கவனிக்கவேண்டியவை சில இருக்கு. முதலில் பெட்டியைத் திருப்பி, அடியில் இருக்கிற மாடல் இலக்கத்தைப் பாருங்க. 90000 வரிசையில் கடைசியாக வந்த சில மெஷின்களில் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். அவற்றுக்கு "ஓபன் டியூனா" எண்ட வேறு வழி இருக்கு. மெமரி காட் பார்க்கிற திரையைத் திறந்ததும் அது ஓடும். காட் வாங்கும்போது 64, 128 மெகாபைட் எண்டு எழுதின மலிவுக் காட்டை நம்பாதீங்க, பல நேரம் இடையில் குழப்பும். பென் டிரைவை ஃபாட்32 முறையில் ஃபோர்மட் செய்து எமுலேட்டரையும் விளையாட்டுக் கோப்புகளையும் அதில் போடுங்க. மெஷினில் இருக்கிற யூ.எஸ்.பி பழைய 1.1 வகை, மெதுவானது. பெரிய விளையாட்டுகளுக்கு அது காணாது. ஆனால் 40 கிலோபைட் கோப்புக்கு அது போதும்.

இதில் எங்களுக்கு மிகவும் பிடித்த விசயம் ஒண்டு இருக்கு. ஃப்ரீ மெக்பூட் கோப்பை ஒரு காட்டில் இருந்து மற்றக் காட்டுக்கு வெறுமனே பிரதி எடுத்தால் வேலை செய்யாது. ஒவ்வொரு காட்டுக்கும் அதை ஒரு மெஷினில் வைத்துத் தனியாகப் பூட்டவேணும். அதனால் முதல் காட் உங்களுக்கு வேணுமெண்டால், ஏற்கனவே செய்து வச்சிருக்கிற ஒருத்தரைத் தேடிப் போகவேணும். டிவிடி வாசிக்கிற நிலையில் ஒரு மெஷின் கிடைத்தால், 2020 இல் வந்த "ஃப்ரீ டிவிடி பூட்" மூலம் நீங்களே முதல் காட்டைச் செய்யலாம். மற்றபடி, ஒரு விளக்கில் இருந்து இன்னொரு விளக்கைக் கொளுத்துற மாதிரித்தான். கல்லடியில் ஒரு காட் இருந்தால் ஆரையம்பதிக்குப் போகும், அங்கே இருந்து மண்முனைப் பாலம் தாண்டிக் கொக்கட்டிச்சோலைக்குப் போகும். ஆளை ஆள் சந்திக்காமல் இது பரவாது.

எல்லாம் ஓடும் எண்டு பொய் சொல்ல மாட்டம். ஃபமிகொம், கேம் பாய், செகா மெகா டிரைவ் விளையாட்டுகள் நல்லாகவே ஓடும். சூப்பர் ஃபமிகொம் விளையாட்டுகளில் சிலது இழுபடும். அதுக்குப் பிறகு வந்த முப்பரிமாண மெஷின்களை இதில் எதிர்பார்க்காதீங்க.

"போன்லயே எல்லாம் வருதே"

இந்தக் கேள்வி எப்பவும் வரும். சரியான கேள்விதான். மலிவான போன் ஒண்டு கூட இந்த எமுலேட்டர்களை பிளேஸ்டேஷன் 2 ஐ விட நல்லாக ஓட்டும். படத் துல்லியத்துக்காக மட்டும் எண்டால் நாங்கள் இதை எழுதவே தேவையில்லை.

ஆனால் போனில் விளையாட்டு தனியாக இருக்காது. அதே திரையில் அறிவிப்பு வரும், விளம்பரம் வரும், "இப்ப வாங்கு" எண்டு பொத்தான் வரும். இப்ப பிள்ளைகள் விளையாடுற இலவச விளையாட்டுகள் கனக்க, விளையாடத் தொடங்கேக்க சல்லி கேட்கிறதில்லை. விளையாட்டுக்குள் நல்லா இறங்கின பிறகுதான் கேட்கும், உடுப்புக்கு, ஆயுதத்துக்கு, சுழற்றிப் பார்க்கிற அதிர்ஷ்டப் பெட்டிக்கு. ரீலோட்டுக்குத் தந்த சல்லி எங்கே போனது எண்டு தெரியாமல் நிக்கிற தாய்மாரை எங்கட ஊரில் யாருக்கும் தெரியாதா? "என்ன மனே, முந்தாநாள்தானே டேட்டா போட்டது" எண்ட கேள்வி எத்தனை வீட்டில் கேட்டிருக்கு?

பழைய விளையாட்டு அப்படி இல்லை. அது 1985 இல் அல்லது 1990 இல் முடிந்துபோன ஒரு பொருள். உங்களைப் பற்றி அதுக்கு ஒண்டும் தெரியாது. உங்களிடம் இருந்து அதுக்கு இனி ஒண்டும் வேண்டாம். கணக்குத் திறக்கச் சொல்லாது, டேட்டா கேட்காது. மூண்டு உயிர் தரும், முடிந்தால் முதலில் இருந்து தொடங்கவேணும், அவ்வளவுதான். ஒரு டீவி, ரெண்டு கொன்ட்ரோலர், பக்கத்தில் இன்னொரு ஆள். தோத்தவர் எழும்பி மற்றவருக்கு இடம் விடுவார். இந்த ஒழுங்கு போனில் கிடைக்காது.

இன்னொரு காரணம் படிப்பு. வீட்டில் இருக்கிற ஒரேயொரு நல்ல போனில் பிள்ளை கை வைத்து ஏதும் பிழைத்தால் அடி விழும். 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 ரூபாய்க்குப் போன பிறகு ஒரு போனின் விலை என்னவாயிற்று எண்டு எல்லாருக்கும் தெரியும். ஏற்கனவே செத்தது எண்டு கைவிட்ட பெட்டியில் பிழைக்க என்ன இருக்கு? பயமில்லாமல் திறக்கலாம், கழட்டலாம், பூட்டலாம். கோப்பு முறை எண்டால் என்ன, பயோஸ் எண்டால் என்ன, ஒரு நிரல் எந்த மூளைக்காக எழுதப்பட்டது எண்டு ஏன் பார்க்கவேணும் எண்டதையெல்லாம் புத்தகத்தில் படிக்கிறதைவிட, விளையாட்டு ஓட மாட்டேன் எண்டு அடம்பிடிக்கும்போது படிக்கிறது நல்லா மனதில் நிக்கும்.

இதனால்தான் "பத்தாயிரம் கேம் ஏத்தித் தாறம்" எண்டு விற்கிற பெட்டிகளை நாங்கள் வாங்கச் சொல்லேல்ல. அதில் நீங்கள் திரும்பவும் வாடிக்கையாளர்தான். ஒரு விளையாட்டு ஓடேல்லையெண்டால் விற்றவரிடம்தான் போகவேணும். பத்தாயிரத்தில் முப்பதைக் கூட யாரும் முழுசாக விளையாடுறதும் இல்லை.

இது களவா?

இதைக் கேட்காமல் இந்தப் பேச்சை முடிக்க ஏலாது. நேர்மையாகப் பேசுவம்.

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. பொதுவான காலம், எழுதினவரின் வாழ்நாளும் அதுக்குப் பிறகு 70 வருசமும். அதாவது எங்கட அப்பாமார் சின்ன வயசில் விளையாடினது எங்கட பேரப்பிள்ளைகள் காலத்திலும் யாரோ ஒருவரின் சொத்துத்தான். பழசு எண்ட காரணத்துக்காக ஒண்டும் பொதுச் சொத்தாகிவிடாது. "இது பழைய கேம்தானே, யார் கேட்கப்போறாங்க" எண்ட வாதம் சட்டத்தில் நிக்காது.

ஆனால் எமுலேட்டரும் விளையாட்டுக் கோப்பும் ரெண்டு வேறு பொருள். 1999 இல் சோனி, தன்ர பிளேஸ்டேஷனை மக் கணினியில் நடிக்க வைத்த கொனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. 2000 இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் கொனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது: வேறொரு மெஷின் எப்படி வேலை செய்யுது எண்டு அறிய அதன் நிரலை ஆராய்ந்து, புதிதாக ஒண்டு எழுதுவது நியாயமான பயன்பாடே. அது அமெரிக்கத் தீர்ப்பு, இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் உலகம் முழுவதும் எமுலேட்டர் எழுதுறவர்களுக்கு அதுதான் நிலம் கொடுத்தது. இதில் வேடிக்கை எண்டால், அதே சோனி 2018 டிசம்பரில் "பிளேஸ்டேஷன் கிளாசிக்" எண்ட சின்னப் பெட்டியை விற்றபோது, அதுக்குள் ஓடினது ஆர்வலர்கள் எழுதித் திறந்த மூலமாக விட்ட ஒரு எமுலேட்டர். ஒரு காலத்தில் நீதிமன்றத்துக்கு இழுத்த வேலையை, 20 வருசத்துக்குள் அவர்களே கடையில் வைத்து விற்றார்கள்.

அப்போ விளையாட்டுக் கோப்பு? "சல்லி குடுத்து வாங்குங்க" எண்டு சொல்லுறவர்களிடம் நாங்கள் திருப்பிக் கேட்கிறது: எந்தக் கடையில்? அமெரிக்காவில் இயங்கும் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2010 க்கு முன்பு அந்த நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 100 க்கு 87 இன்று எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. எல்லாக் கடையும் இருக்கிற நாட்டில் அந்த நிலை. எங்கட நிலையைப் பாருங்க. பிளேஸ்டேஷன் வலையமைப்பில் கணக்குத் திறக்கும்போது நாட்டைத் தெரிவு செய்யச் சொல்லும் பட்டியலில் இலங்கை இல்லை. இந்தியா எண்டோ அமெரிக்கா எண்டோ பொய் சொல்லித்தான் எங்கட ஆக்கள் கணக்குத் திறக்கிறார்கள். 2024 மே மாதம் ஒரு புதிய விளையாட்டு, இப்படிக் கணக்குத் திறக்க வழியில்லாத 177 நாடுகளிலும் பிரதேசங்களிலும் கணினிக் கடையில் இருந்து எடுக்கப்பட்டபோதுதான், உலகம் முழுக்க இருக்கிறவர்கள் இதைப் பற்றிக் கதைத்தார்கள். எங்களுக்கு அது புதுச் செய்தி இல்லை. கடைக்காரர் எங்களை வாடிக்கையாளராகவே எண்ணாத இடத்தில், கள்ளர் எண்டு மட்டும் எண்ணுறது எந்த நியாயம்?

அதுக்காக எல்லாம் சரி எண்டும் நாங்கள் சொல்லேல்ல. எங்களுக்குள் பேசி ஒரு கோடு போட்டிருக்கிறம். இன்று விற்பனையில் இருக்கிற விளையாட்டை, முக்கியமாகச் சின்னக் குழுக்கள் எழுதினதைப் பிரதி எடுக்க மாட்டம். அது இன்னொரு இளைஞரின் சோறு. கையில் டிஸ்க்கோ கெசட்டோ இருந்து, அது பூஞ்சணம் பிடிக்க முதல் அதன் பிரதியை எடுத்து வைக்கிறதை நாங்கள் குற்றமாகப் பார்க்கேல்ல. செய்தவர்களே இலவசமாக விட்ட விளையாட்டுகளில் தொடங்குங்க. 2017 இல் வந்த "டோபு டோபு கேர்ள்" எண்ட கேம் பாய் விளையாட்டு, மூல நிரலோடு சேர்த்து இலவசமாகவே இருக்கு. இப்படி இன்னும் கனக்க இருக்கு. கடைசியாக, இதை வைத்து வியாபாரம் செய்யிறதில்லை. மெஷின் மாத்தும் சிப் விற்ற குழு ஒண்டைச் சேர்ந்தவருக்கு 2022 இல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை கொடுத்தது. தண்டனைக்குப் பயந்து இதைச் சொல்லேல்ல. சல்லி உள்ளே வந்ததும், சொல்லிக் குடுக்கிற பழக்கம் நின்றுபோகும். தெரிந்த ஆள் தெரியாத ஆளைத் தன்ர வாடிக்கையாளராகவே வச்சிருக்கப் பார்ப்பார்.

பழையதை யார் வைத்திருப்பது

விளையாட்டைக் காப்பாத்துறது பெரிய விசயமா எண்டு சிலர் சிரிப்பார்கள். இழக்கிறது எப்படி எண்டு எங்கட சமூகத்துக்குச் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 2004 டிசம்பர் 26 இல் நாவலடியிலும் கல்லடியிலும் வீடுகளோடு சேர்த்து அல்பங்களும் கொப்பிகளும் கெசட்டுகளும் கடலோடு போயின. எரிந்ததையும் அடித்துப் போனதையும் பார்த்த சமூகம் எண்டதால்தான், 2005 இல் தொடங்கின நூலகம் எண்ட எண்ணிம நூலகத்தை நாங்கள் இவ்வளவு மதிக்கிறம். ஒரு பழைய சஞ்சிகையை யாரோ ஒருவர் ஸ்கேன் செய்து ஏத்தினபோது "இதுக்கு இப்ப என்ன தேவை" எண்டு கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். இன்று அதே பக்கங்களைத் தேடித்தான் ஆய்வு செய்யிறவர்கள் போறார்கள்.

ஒரு சீடியில் இருக்கிற விளையாட்டும் அப்படித்தான். அதைச் சும்மா அலுமாரியில் வைத்தால் அது காப்பாத்தப்பட்டதாகாது. அதை ஓட்ட ஒரு மெஷின் இருக்கவேணும், மெஷின் செத்தால் அதைப் போல நடிக்க ஒரு எமுலேட்டர் இருக்கவேணும், எமுலேட்டரை ஏத்தத் தெரிந்த ஆளும் இருக்கவேணும். மூண்டில் எது அறுந்தாலும் முடிஞ்சுது. முதல் ரெண்டையும் உலகத்தில் யாரோ செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். மூண்டாவதை எங்கட ஊருக்கு நாங்கள்தான் செய்யவேணும்.

1924 இல் கட்டின கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்திலேயே 2013 இல் புதுப் பாலம் திறந்தார்கள். பழையதை இடிக்கேல்ல. பாரம் எல்லாம் புதுப் பாலத்தில் போகுது. பழையது நிக்கிறதால்தான் புதுசில் நிண்டு பார்க்கிற பிள்ளை, முந்தி எப்படி இவ்வளவு ஒடுக்கமான பாலத்தால் எல்லாரும் போனார்கள் எண்டு கேட்குது. பழைய மெஷினும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்க வைக்கும். 2 கிலோபைட்டுக்குள் எப்படி ஒரு உலகத்தைச் செய்தார்கள்?

மற்றவன்ர விளையாட்டோடு நிக்கவேண்டாம்

எமுலேட்டரைப் பற்றிப் பேசுற கனபேர் ஒரு விசயத்தை மறந்து விடுகிறார்கள். அது பழைய விளையாட்டை மட்டும் ஓட்டாது. பழைய மெஷினுக்காக நீங்கள் இன்று எழுதுற விளையாட்டையும் ஓட்டும்.

பிரேசிலைப் பாருங்க. அங்கேயும் பிளேஸ்டேஷன் 2 எங்கட ஊர் மாதிரி மாத்தின மெஷினாகத்தான் வீடு வீடாகப் போனது. ஜப்பான்காரர் செய்த காற்பந்து விளையாட்டில் தங்கட உள்ளூர்க் கழகங்கள் இல்லை எண்டு கண்டவர்கள், தாங்களே அதைத் திறந்து, அணிகளையும் உடுப்பையும் மாத்தி "பொம்பா பாட்ச்" எண்டு வெளியிட்டார்கள். அது நாடு முழுக்கப் பிரபலமாயிற்று. மாத்தத் தெரிந்த கை, கொஞ்ச நாளில் செய்யவும் தொடங்கும்.

2019 இல் வந்த "ஜீபி ஸ்டூடியோ" எண்ட இலவச மென்பொருளில், நிரல் எழுதத் தெரியாத ஒரு பிள்ளையும் கேம் பாய் விளையாட்டுச் செய்யலாம். பழைய மடிக்கணினி ஒண்டு போதும். செய்ததை எமுலேட்டரில் போட்டால், அதே செத்த பெட்டியில், வீட்டு டீவியில் ஓடும். படுவான்கரையில் இருந்து தோணியில் வந்து, தூண்டில் போட்டு, மழை வர முதல் கரை சேருற ஒரு விளையாட்டை ஏன் நாங்கள் செய்யக்கூடாது? மாமாங்கத் திருவிழாச் சனத்துக்குள் தொலைஞ்ச தங்கச்சியைத் தேடுற விளையாட்டு? உப்பாற்று இறால் பிடிக்கிற விளையாட்டு?

இதில் உண்மையான ஒரு தடை இருக்கு, அதையும் சொல்லுறம். கேம் பாயின் திரை 160 க்கு 144 புள்ளி. எல்லாம் 8 க்கு 8 புள்ளிக் கட்டங்களில்தான் வரும். ஆங்கில எழுத்து ஒரு கட்டத்துக்குள் வசதியாக இருக்கும். எங்கட "ணை"யும் "கொ"வும் "ஞூ"வும் அதுக்குள் அடங்காது. ஒவ்வொரு எழுத்தையும் நாங்களே புள்ளி புள்ளியாக வரையவேணும். எந்த எழுத்துக்கு ரெண்டு கட்டம், எதுக்கு மூண்டு எண்டு முடிவெடுக்கவேணும், கொம்பையும் காலையும் தனிக் கட்டமாக வச்சுச் சேர்க்கவேணும். ஈயத்தில் தமிழ் எழுத்து வார்த்தவர்களும் தட்டச்சு மெஷினுக்குத் தமிழ் அமைத்தவர்களும் இதே பிரச்சினையை அவரவர் அளவில் தீர்த்திருக்கிறார்கள். இந்தச் சின்னத் திரைக்கு அதைத் தீர்க்கிறது எங்கட தலைமுறையின் வேலை. சித்திரம் வரையத் தெரிந்த, கணக்கில் ஆர்வமுள்ள ரெண்டு பேர் லீவு நாட்களில் உட்கார்ந்தால் செய்யக்கூடிய வேலைதான்.

எங்கட கோரிக்கை

வாசிகசாலை, விளையாட்டுக் கழகம், மாதர் சங்கக் கட்டடம் எண்டு எங்கட ஊர்களில் பின்னேரம் பூட்டிக் கிடக்கிற இடங்கள் இருக்கு. அதில் ஒரு பழைய டீவியும், லென்ஸ் செத்த ஒரு மெஷினும், ஒரு மெமரி காட்டும் வையுங்க. கிழமைக்கு ஒரு நாள், ரெண்டு மணித்தியாலம். முதல் ஒரு மணி ஏத்துறது, திருத்துறது, எழுத்து வரையிறது. மற்ற மணி விளையாட்டு. காசு வாங்கவேண்டாம்.

அதில் ஒரு ஒழுங்கை மட்டும் கட்டாயம் வையுங்க. முதல் காட்டைப் பூட்டப் பழகுற ரெண்டு பேரில் ஒருவர் பொம்பிளைப் பிள்ளையாக இருக்கட்டும். விளையாட வாறவர் எண்ட பெயரில் இல்லை, மெஷினின் சாவி வச்சிருக்கிறவர் எண்ட பெயரில். கேம் சென்டர் காலத்தில் அரைவாசிப் பேருக்குப் பூட்டியிருந்த கதவு இதில் முதல் நாளே திறந்திருக்கவேணும். இல்லையெண்டால் பழைய மெஷினோடு சேர்த்துப் பழைய பிழையையும் நாங்கள் எமுலேட் செய்யிறம் எண்டுதான் அர்த்தம்.

உங்கட வீட்டில் பெட்டி இருந்தால் இந்தச் சனிக்கிழமையே இறக்கி, தூசி தட்டி, கரண்ட் குடுத்துப் பாருங்க. சிவப்பு விளக்கு பச்சையானால் அது உயிரோடுதான் இருக்கு. மாடல் இலக்கத்தை எழுதி வையுங்க. மெமரி காட்டை எடுத்துக்கொண்டு, ஏத்தத் தெரிந்தவரிடம் போங்க. யாரும் இல்லையெண்டால் எங்களிடம் வாங்க, காட் வச்சிருக்கிறம்.